ஓரத்தில் மங்கலாக இரண்டு

1
முடிவை வாசகர் தலையில் கட்டுவது எழுத்தாளனின் சோம்பேறித்தனம். அந்த நோய் இந்தக் கதையோடு ஒழிகிறது. இதற்கு முடிவு உண்டு, நானே தருவேன். பாஸ்டனில் நான் குடுவை கழுவிய ஆய்வுக்கூடத்தில் பொறுக்கிய கதை இது.

2
தொடக்கம்: சார்லஸ் ஆற்றின்மேல் பனி மெல்ல
(வேண்டாம். ஆய்வுக்கூடத்துக்கு ஜன்னலே கிடையாது.)

இன்னொன்று: டெக்லன் டன்லீவியின் மூன்று வருட ஆய்வுக்குக் கெடு வெள்ளிக்கிழமையோடு முடிகிறது. ஃப்ளூ கிருமி பழைய மருந்துக்குப் பழகிவிட்டது. மருந்து ஒற்றைக் கையால் பிடித்தால் உதறிவிடுகிறது. டெக்லன் அதே மருந்தை நீண்ட பாலிமர் சங்கிலியில் நூறு இடத்தில் கோத்தான்.* நூறு கை பிடித்தால் எப்படி உதறும்?

* மருந்து பழசு, பிடி புதுசு. இந்தக் கதையும் அப்படித்தான் என்றால் அடிக்க வருவீர்கள்.

3
கிண்ணங்களில் உயிரணுப் படலம் வளர்த்து, கிருமியோடு சிலதில் பழைய மருந்தும் சிலதில் சங்கிலி மருந்தும் விட்டு, சில நாள் கழித்து ஊதாச் சாயம் ஊற்றுவார்கள். கிருமி தின்ற இடம் வெள்ளை ஓட்டையாகத் தெரியும். சங்கிலி மருந்துக் கிண்ணத்தில் ஓட்டை பத்துக்குக் கீழே இருந்தால் ஆய்வு தொடரும். இல்லையென்றால் மூன்று வருடமும் குப்பை.

டெக்லன் எண்ணினான். ஒன்பது.

"பேரை மறைச்சிட்டு மறுபடி எண்ணலாம்," என்றார் இவோன் தவாரெஸ். இருபது வருடமாக அங்கே ஓட்டை எண்ணுபவர். எந்தக் கிண்ணம் எது என்று தெரியாமல்தான் எண்ணுவார்.

"கண்ணாமூச்சி ஆடற வயசா உங்களுக்கு? எனக்குக் கண்ணு இருக்கு, இவோன்."

"இருக்கு டாக்டரே. அதுக்கு ஆசையும் இருக்கே. ஓரத்துல மங்கலா ரெண்டு, அதை ஏன் விட்டீங்க?"

"அது அழுக்கு."

"பழைய மருந்துக் கிண்ணத்துலயும் அதே மாதிரி ரெண்டு. அங்க மட்டும் ஓட்டைன்னு எண்ணியிருக்கீங்க."

4
(இவோனை அழித்துவிடலாமா என்று பார்த்தேன். இவ்வளவு சரியாகப் பேசுகிறவர் கதைக்கு இடைஞ்சல்.)

முடிவு அ: ஒன்பதேதான். கேக் வெட்டுகிறார்கள்.
முடிவு ஆ: பதினொன்று. டெக்லன் பெட்டியைக் கட்

முதலாவது ஒரே மூச்சில் இரண்டு பக்கம் வந்தது. இரண்டாவதில் பேனா நகரவில்லை.

5
இவோன் சாப்பிடப் போன நேரத்தில் டெக்லன் ஒட்டுத்தாள் கிழித்து எல்லாக் கிண்ணங்களின் பெயரையும் மறைத்தான். வரிசையைக் கலைத்தான். அவர் திரும்பியதும், "எண்ணுங்க," என்றான்.

"இதுல உங்களோடது எது?"

"கேக்காதீங்க."

குழாயடிக்குப் போய், ஏற்கெனவே கழுவியிருந்த குடுவையைக் கழுவினான்.

எனக்கு எந்த எண் வேண்டும் என்பது எனக்குத் தெரியும். ஆகவே கிண்ணத்தை உங்கள் பக்கம் நகர்த்துகிறேன். பெயரை மறைத்திருக்கிறேன். ஓரத்தையும் பாருங்கள்.