எக்காளத்துக்கு நின்றவர்கள்

ஒலிபெருக்கியில் என் பெயர் வராத ஆட்டமே நான் நன்றாக ஆடிய ஆட்டம். புட்போலில் என் வேலை அப்படி. உருண்டைப் பந்தைக் காலால் உருட்டும் விளையாட்டு அல்ல இது. இரு முனையும் கூரான பந்தைக் கையில் அணைத்துக்கொண்டு ஓடுவது. பந்தை உதைக்க வேண்டிய நேரங்களில் மட்டும் நான் மைதானத்துக்குள் போவேன். குனிந்து பந்தைப் பிடித்து, கால்களுக்கிடையால் பின்னால் எறிவேன். எனக்குப் பின்னால் நிற்பவர்கள் மற்றதைப் பார்த்துக்கொள்வார்கள். நான் திரும்பி வந்து வாங்கில் உட்காருவேன். ஓர் ஆட்டத்துக்கு ஏழெட்டுத் தடவை. அதிகம் பேசாத ஒருவனுக்கு இதைவிடப் பொருத்தமான இடம் அணியில் இல்லை.

எங்கள் இராணுவக் கல்லூரி ஆற்றுக்கு அப்பால், மொன்றியலிலிருந்து முக்கால் மணி நேரத் தூரத்தில் இருக்கிறது. சிறிய கல்லூரி. பருவத்தின் முதல் நான்கு ஆட்டங்களிலும் தோற்றோம். அதில் அவமானம் எதுவும் இருக்கவில்லை. எங்களைவிடப் பெரிய அணிகள். அவமானம் ஐந்தாவது ஆட்டத்தில் வந்தது.

எதிரணியின் பஸ் சம்ப்ளேன் பாலத்தில் மாட்டிக்கொண்டதால் அன்று ஆட்டம் இரண்டு மணி நேரம் பிந்தித் தொடங்கியது. முடிய ஒரு நிமிடம் இருக்கும்போது நாங்கள் மூன்று புள்ளிகள் முன்னால் நின்றோம். பந்தைத் தூர உதைத்துவிட்டால் போதும், முதல் வெற்றி. எங்கள் கல்லூரியில் சூரியன் மறையும்போது எக்காளம் ஊதிக் கொடியை இறக்குவார்கள். வெளியில் நிற்கும் எவரும் அந்த இடத்திலேயே கொடியை நோக்கி அட்டென்ஷனில் நிற்க வேண்டும். வழக்கமாக ஆட்டங்கள் அதற்கு முன்பே முடிந்துவிடும்.

நான் பந்தை அனுப்பிய நொடியில் எக்காளம் கேட்டது. நான் நிமிர்ந்தேன். கைகள் தொடையோடு ஒட்டின. என்னைப் பார்த்து இன்னும் ஐந்து பேர் நின்றார்கள். பந்தைப் பிடித்து உதைக்க வேண்டிய ஒலிவியே, கஸ்பேயிலிருந்து வந்த மீனவர் மகன், அதை இடது கக்கத்தில் வைத்துக்கொண்டு கொடியைப் பார்த்து விறைத்து நின்றான். எதிரணிக்காரன் ஒருவன் அவன் முன்னால் வந்து சற்றுக் குழம்பினான். பிறகு தபால்காரரிடம் பொதி வாங்குவதுபோல அந்தப் பந்தை வாங்கிக்கொண்டு ஓடி ஆறு புள்ளிகள் எடுத்தான்.

கல்லூரித் தளபதியால் எங்களைத் தண்டிக்க முடியவில்லை. நாங்கள் விதிப்படிதான் நின்றோம். ஆனால் யாரோ எடுத்த காணொளியை மொன்றியல் முழுவதும் பார்த்தது. அடுத்த இரண்டு ஆட்டங்களையும் தோற்றோம்; அது யாருடைய நினைவிலும் இல்லை. கொடிக்கு நின்ற அணி என்பதுதான் மிஞ்சியது. முதலில் நின்றவன் நான் என்பதை என் அணியினர் ஒருவர்கூடச் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் இலகுவாக இருந்திருக்கும்.

நான் எப்படி அவ்வளவு விரைவாக நின்றேன் என்று யோசித்திருக்கிறேன். ஒரு வருட இராணுவப் பயிற்சி மட்டும் காரணமல்ல. பார்க் எக்ஸ்டென்ஷனில் எங்கள் வீட்டில் மாலை ஆறு மணிக்கு அம்மாவின் கைத்தொலைபேசியில் கோவில் மணி ஒலிக்கும். மாதாவை நோக்கி எல்லோரும் எழுந்து நின்று சொல்லும் திரிகாலச் செபத்துக்கான மணி. தொலைக்காட்சி மௌனமாகும். கணக்குப் பாடம் பாதியில் நிற்கும். ஐந்து வயதிலிருந்து நான் ஒலி கேட்டால் நிற்கிறவன்.

கடைசி ஆட்டம் மொன்றியலில், ஒக்டோபர் கடைசிச் சனிக்கிழமை பகல் ஒரு மணிக்கு. ஒரு வெற்றிகூட இல்லாமல் பருவத்தை முடிப்பதா என்பது அணியின் கேள்வி. என் கேள்வி வேறு. அந்தக் காணொளிதான் கடைசியாக இருக்குமா?

அப்பாவுக்கு ஜான்-டலோன் சந்தையில் வேலை. அம்மா செலீனும் தங்கை ஜொய்சியும் வந்திருந்தார்கள். எதிரணியின் ரசிகர்களும் ஒரு ட்ரம்பெட்டோடு வந்திருந்தார்கள்.

முதல் தடவை நான் குனிந்தபோதே அவர்கள் ஊதினார்கள். கொடி இறக்கும் அதே மெட்டு. நான் நிமிரவில்லை. நிமிரக்கூடாது என்று உடம்பு முழுவதையும் இறுக்கினேன். கையும் சேர்ந்து இறுகியது. பந்து ஒலிவியேயின் தலைக்கு மேலால் பறந்து எங்கள் எல்லைக்குப் பின்னால் போய் விழுந்தது. எதிரணிக்கு இரண்டு புள்ளிகள். ஒலிபெருக்கி என் பெயரைச் சொன்னது, தவறான உச்சரிப்போடு.

இடைவேளையில் பயிற்சியாளர் என்னைத் தனியே கூப்பிட்டு, வேறு ஒருவனைப் போடவா என்று பிரெஞ்சில் கேட்டார். வேண்டாம் என்றேன்.

மைதானத்துக்குத் திரும்பும் வழியில் வேலிக் கம்பியோடு ஜொய்சி நின்றாள். பக்கத்தில் அம்மா, ஒரு கையில் தேநீர்ப் பிளாஸ்க், மறு கையில் செபமாலை.

"அண்ணா, உனக்கு என்ன பிரச்சினை? அவங்கள் ஊதினா ஊதட்டுமே."

"நிக்காமல் இருக்கப் பார்க்கிறன். கை விறைக்குது."

"அம்மாட்டப் படி. ஆறு மணிக்கு நாங்கள் எல்லாரும் சிலை மாதிரி நிக்கோணும். அவ மட்டும் அடுப்பில பால் இருந்தா கிண்டிக் கிண்டித்தான் செபம் சொல்லுவா."

அம்மாவுக்குக் கோபம் வரும் என்று நினைத்தேன். அவர் பிளாஸ்க் மூடியை இறுக்கினார்.

"பொங்கி ஊத்தினா ஆர் துடைக்கிறது? மாதாவும் அடுப்படியில நிண்டவதானே, தம்பி. அவவுக்கு விளங்கும்."

இரண்டாம் பாதியில் நான் இறுக்கவில்லை. ட்ரம்பெட் கேட்டதும் உள்ளுக்குள் நின்றேன். நேராக, முழு மரியாதையோடு. கைகளை அவற்றின் வேலைக்கு விட்டுவிட்டேன். பந்து ஒலிவியேயின் மார்புக்கு நேராகப் போனது. அடுத்த தடவையும் அப்படியே. அவர்கள் இன்னும் உரக்க ஊதினார்கள். அது எனக்கு உதவியாகவே இருந்தது.

கடைசி நான்கு வினாடிகள். எதிரணி பத்தொன்பது, நாங்கள் பதினேழு. அந்த இரண்டு புள்ளிகள் நான் கொடுத்தவை. முப்பத்தொரு யார் தூரத்திலிருந்து கம்பங்களுக்கிடையே உதைத்தால் மூன்று புள்ளிகள் கிடைக்கும். இந்த உதைக்குப் பந்தைப் பிடித்து நிலத்தில் நிறுத்த ஒருவன் முழந்தாளிட்டான். ஒலிவியே உதைக்கத் தயாராகப் பின்னால் நின்றான். ஒருமுறை என்னைப் பார்த்துத் தலையசைத்தான்.

நான் குனிந்தேன். தலைகீழாகத் தெரிந்த உலகில், கால்களுக்கிடையே, விரித்த இரண்டு கைகள் மட்டும் இருந்தன. ட்ரம்பெட் தொடங்கியது. இந்தத் தடவை ரசிகர்கள் எல்லோரும் சேர்ந்து வாயாலும் பாடினார்கள். எக்காளம் ஊதுகிறது, பால் அடுப்பில் இருக்கிறது. அவ்வளவுதான். பந்து போனது. அது சரியாகப் போய்ச் சேரும் என்பது விரலை விட்டு விலகும்போதே எனக்குத் தெரிந்தது.

பிறகு மேலே ஒரு பெரிய உடம்பு விழுந்ததால் நான் எதையும் பார்க்கவில்லை. ட்ரம்பெட் பாதியில் நின்றதைக் கேட்டேன். வென்றுவிட்டோம் என்பதை அதிலிருந்து தெரிந்துகொண்டேன்.

எழுந்தபோது எங்கள் வாங்கிலிருந்து எல்லோரும் ஓடி வந்துகொண்டிருந்தார்கள். நான் அவர்கள் பக்கம் போகவில்லை. ட்ரம்பெட் கேட்ட திசைக்குத் திரும்பி, குதிகால்களைச் சேர்த்து, அட்டென்ஷனில் நின்றேன். ஒலிவியே என் பக்கத்தில் வந்து நின்றான். பிறகு மற்றவர்கள். ஓடி வந்தவர்களும் வரிசையில் சேர்ந்தார்கள். நாற்பது பேர். தலைக்கவசங்களை இடது கக்கத்தில் வைத்துக்கொண்டு, அசையாமல்.

மைதானம் அமைதியானது. ட்ரம்பெட்காரன் வாத்தியத்தை மடியில் வைத்துக்கொண்டு இரு பக்கமும் பார்த்தான். எக்காளம் தொடங்கிவிட்டால் கொடியைப் பாதியில் விட முடியாது. எங்களுக்கு அது பழக்கம். நாங்கள் காத்திருந்தோம்.

கடைசியில் ஒலிவியே பிரெஞ்சில், மரியாதையாகவே சொன்னான்:

"தயவுசெய்து மிச்சத்தையும் ஊதுங்கள், ஐயா."

ட்ரம்பெட்காரன் எழுந்து நின்று மிச்சத்தையும் ஊதினான். இரண்டு இடங்களில் சுருதி பிசகியது. கடைசி ஒலி அடங்கும்வரை நாங்கள் நின்றோம். அங்கே வேலியோரம் அம்மாவும் பிளாஸ்க்கை மார்போடு அணைத்தபடி நிமிர்ந்து நின்றார். இப்போது அடுப்பில் எதுவும் இருக்கவில்லை.