இழைகளைக் கலைக்கும் மாத்திரை

அன்றைக்கும் புரதம் கட்டியாகிவிட்டது. சோதனைக் குழாயின் அடியில் வெள்ளையாகப் படிந்து கிடந்ததை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்துவிட்டு, அவள் கழுவும் தொட்டியில் போட்டாள். அலுத்துக்கொள்ளக்கூடத் தெம்பில்லை.

செல்லுக்குள் மெல்லிய இழைகள் உண்டு. ஓயாமல் வளரும், சரியும், மறுபடி வளரும். ஒரு செல் இரண்டாகப் பிரிய வேண்டுமானால் உள்ளிருப்பதைப் பங்கு போட்டு இருபக்கமும் இழுப்பது அவைதாம். அந்த இழையின் நுனியைப் பிடித்துக்கொண்டு சரியாமல் காக்கும் ஒரு புரதத்தைத் தனியே பிரித்தெடுப்பது அவள் ஆராய்ச்சி. காக்கிறதா என்று சோதிக்க, இழைகளைக் கலைக்கும் மருந்தும் வேண்டும். அதன் பெயர் கோல்சிசின். ஒரு சொட்டு விட்டால் போதும், சற்று நேரத்தில் நுண்ணோக்கியில் இழைகள் காணாமல் போய்விடும். கையுறை இல்லாமல் அந்தப் புட்டியை அவள் தொடுவதே இல்லை.

வீட்டுக்கு வந்தபோது மாமனார் சுவரைப் பிடித்துக்கொண்டு குளியலறையிலிருந்து வந்துகொண்டிருந்தார். பஸ் ஓட்டி ஓய்வு பெற்றவர்; ஆஜானுபாகுவான உடம்பு ஒரே நாளில் வற்றிப்போயிருந்தது.

“காலையிலேர்ந்து இதே ரூட்டுதாம்மா. கட்டிலுக்கும் பாத்ரூமுக்கும் ட்ரிப் அடிச்சிட்டிருக்கேன்.”

“வெளிய எதையாவது வாங்கித் தின்னிருப்பாரு,” என்றான் கணவன்.

அப்படியே இருக்கட்டும் என்றுதான் அவளுக்கும் இருந்தது. இருந்தால் போய்ப் படுத்துவிடலாம். உப்புச் சர்க்கரைப் பொடி தேடி மருந்து டப்பாவைத் திறந்தாள். மேலாக இரண்டு மாத்திரை அட்டைகள் கிடந்தன. முதலாவதில் கோல்சிசின் என்ற பெயரைப் பார்த்ததும் அவள் கை அப்படியே நின்றது.

“மாமா, இது எதுக்கு?”

“கால் பெருவிரலுக்கு. யூரிக் ஆசிட்னு டாக்டர் சொன்னாரே. ஒண்ணு போட்டா கேக்கல, அதான் வலிக்கும்போதெல்லாம் போட்டேன்.”

“இந்த ஆன்டிபயாடிக்?”

“இருமலுக்கு. அது வேற டாக்டர்.”

“கால் மாத்திரையைப் பத்தி அவர்கிட்ட சொன்னீங்களா?”

“இருமலுக்குப் போனவன் காலையா தூக்கிக் காட்ட முடியும்?”

உடம்பு அந்த முதல் மருந்தை வெளியேற்றுவதை இரண்டாவது மருந்து தடுத்துவிடும் என்பது அவளுக்குத் தெரியும். உள்ளே போனதெல்லாம் உள்ளேயே சேர்ந்திருக்கும். ஒரு வாரமாக அவர் நொண்டிக்கொண்டிருந்தார். தினமும் சமையலறைக்குப் போகிற போக்கில், “மாத்திரை போட்டீங்களா மாமா?” என்று கேட்டிருக்கிறாள். எந்த மாத்திரை என்று கேட்கவில்லை.

“கிளம்புங்க, ஆஸ்பத்திரிக்குப் போவோம்.”

“விடும்மா. கால் வலி இப்பதான் விட்டிருக்கு. தூங்கி எழுந்தா சரியாயிடும்.”

“ஆகாது மாமா. இது என்ன பண்ணும்னு நான் தினமும் பாக்கறேன்.” அவள் இரண்டு அட்டைகளையும் கைப்பையில் போட்டுக்கொண்டாள். அவர் செருப்பைத் தேடினார்.

அவசரப் பிரிவு டாக்டர் இரண்டு அட்டைகளையும் சேர்த்துப் பார்த்ததும் நிமிர்ந்து உட்கார்ந்தார். “நல்லவேளை, இதையும் எடுத்துட்டு வந்தீங்க,” என்றவர், அவளைத் தனியே அழைத்துச் சொன்னார்: “முறிவு மருந்துன்னு எங்ககிட்ட எதுவும் இல்ல. உடம்பு தானா மீள்ற வரைக்கும் தாங்கிப் பிடிக்கலாம், அவ்வளவுதான்.”

தாங்கிப் பிடித்தார்கள். ரத்தத்தில் வெள்ளை அணுக்கள் சரிந்தபோது தனி அறைக்கு மாற்றினார்கள். பிறகு தலைமுடி கொத்துக் கொத்தாகத் தலையணையில் உதிர்ந்தது. கணவனும் அவளும் மாறி மாறி உட்கார்ந்தார்கள். பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்து உட்கார்ந்து அவள் இடுப்பு மரத்துப்போனது.

“வயிறு சரி. முடிக்கும் பெருவிரலுக்கும் என்னம்மா சம்பந்தம்?” என்று ஒரு மத்தியானம் மாமனார் கேட்டார்.

ஓயாமல் பிரியும் செல்களைத்தான் அந்த மருந்து முதலில் அடிக்கும், குடல், ரத்தம், முடி என்று அவள் சொன்னாள். இழைகளைப் பற்றிச் சொன்னாள். தன் புரதத்தைப் பற்றியும் சொன்னாள். கல்யாணமான நாளிலிருந்து அந்த வீட்டில் யாரும் அதைக் கேட்டதில்லை.

“அப்ப நீ காப்பாத்துற கட்சி.”

“ஆமா மாமா. இன்னும் ஒரு தேர்தல்லகூட ஜெயிக்கல.”

சிரித்தார். சிரிப்பு இருமலாகி அடங்கியது. பிறகு கூரையைப் பார்த்தபடி, “பயமா இருக்கும்மா,” என்றார்.

“எனக்கும்தான்.” பொய் சொல்லவும் அவளுக்குத் தெம்பில்லை.

மறுநாள் அணுக்கள் சற்றே ஏறின. அதற்கடுத்த நாள் இன்னும் கொஞ்சம். டாக்டர் சிரித்த முகத்தோடு வந்ததைப் பார்த்த பிறகுதான், அவள் அந்த நாற்காலியிலேயே சாய்ந்து தூங்கினாள்.

வீட்டுக்கு அழைத்து வந்த அன்று லிஃப்ட் ஓடவில்லை. பையைத் தூக்கிக்கொண்டு கணவன் முன்னால் ஏறினான். மருந்து தசையையும் விட்டுவைக்கவில்லை. மாமனாரின் கால்கள் வெடவெடத்தன. பாதியில் படியிலேயே உட்கார்ந்துவிட்டார். அவளும் பக்கத்தில் உட்கார்ந்தாள். மேலே கதவு திறக்கும் சத்தம் கேட்டது.

“ஏறலாமாம்மா?” என்றார் கொஞ்ச நேரம் கழித்து.

“இருங்க மாமா,” என்று அவள் கைப்பிடிக் கம்பியில் தலையைச் சாய்த்துக்கொண்டாள். “என்னால முடியல.”