ராஜாவின் தொண்டை

மருதப்பனுக்கு வாய்த்த குரல் அப்படி. பகலெல்லாம் துறைமுகத்தில் மூட்டை இறக்குகிறவர்களை அதட்டும். வருஷத்துக்கு ஒருமுறை மாதா கோயில் நாடகத்தில், ஏசுவை விடமாட்டேன் என்கிற வேதசாட்சியைக் கொலைக்களத்துக்கு அனுப்பும். மனிதர் தீவிர முருக பக்தர். ஆனால் கொடுங்கோல் ராஜாவுக்கு ஏற்ற மீசை வேதக்காரர்களில் யாருக்கும் இல்லையே! "பாவி, நாசமாப் போவே!" என்று கூட்டம் தூற்றினால்தான் அன்றைக்கு அவருக்குத் தூக்கமே வரும்.

ஒரே ஒரு தப்புச் செய்தார். குவீன்ஸ்டவுன் வீட்டில் வசனம் பாடம் பண்ணும்போது, எதிர்வசனம் சொல்லத் தங்கை பாக்கியலட்சுமியைப் பிடித்துக்கொண்டார். அவர் வளர்த்த பெண். "உன் தேவனை மறுதலி!" என்று இவர் உறுமுவார், தையல் மிஷினை மிதித்தபடியே அவள் "மாட்டேன்" என்பாள். பல வருஷம் இப்படியே போயிற்று.

இந்த வருஷம் ஒத்திகை முடிந்ததும் அவள் எழுந்திருக்கவில்லை.

"அண்ணே, நான் ஞானஸ்நானம் வாங்கிக்கப் போறேன்."

"விளையாடாதே லா."

அவள் விளையாடவில்லை. அவர் கத்தினார், குலசாமியை இழுத்தார், செத்துப்போன அப்பாவை இழுத்தார். கடைசியில் அவளை அறைக்குள் தள்ளிப் பூட்டினார். மனசு மாறும்வரை சோறு கிடையாது.

இரண்டு நாள் போயிற்று. நாடகத்தன்று மத்தியானம் கதவுக்கு முன்னால் வந்து நின்றார்.

"கடைசியாக் கேக்குறேன். முருகன் படத்து முன்னாடி விழுந்து, அந்தப் பேச்சே இல்லேன்னு சொல்லு. இல்லாட்டி இந்த வீட்ல உனக்கு இடமில்லை."

கத்திக் கத்திக் குரல் கரகரத்துப் போயிருந்தது. நாடகத்தில் இந்த இடத்தில் வேதசாட்சி ராஜாவைச் சபிப்பாள்; கோட்டை மண்ணாகும் என்பாள். அந்தச் சாபம் முழுக்கப் பாக்கியத்துக்கு மனப்பாடம். அதற்கு ராஜா சொல்ல வேண்டிய பதிலும் மருதப்பனின் நாக்கு நுனியில் தயாராக இருந்தது.

உள்ளேயிருந்து சோர்ந்த குரல் வந்தது.

"தொண்டை கட்டிப்போச்சே அண்ணே. சாயங்காலம் நாடகமாச்சே. வெந்நீர்ல மிளகு தட்டிப் போட்டுக் குடிங்க. இனிமே கத்தாதீங்க."

சாபம் விட்டிருந்தால் சமாளித்திருப்பார். இதற்கு அவரிடம் வசனம் இல்லை. சமையலறைக்குப் போய் மிளகைத் தட்டினார். வெந்நீரைக் குடித்துக்கொண்டே அழுதார். அவமானமாக இருந்தது. பட்டினி போட்டவனின் தொண்டைக்குப் பட்டினி கிடப்பவள் கவலைப்படுகிறாள்!

கஞ்சி காய்ச்சி எடுத்துப்போய்க் கதவைத் திறந்தார்.

"எனக்குப் பிடிக்கலை. இப்பவும் பிடிக்கலை."

"தெரியும்ணே."

"கஞ்சியக் குடி. புடவை மாத்திக்கிட்டு வா. உன் சாமி கோயிலுக்கு நேரமாச்சு."

அன்று மேடையில் ராஜா கர்ஜித்தார். கூட்டம் வழக்கம்போல் வாயார வைதது. வேதசாட்சியை இழுத்துப் போனதும் ராஜா அட்டகாசமாகச் சிரிக்க வேண்டும். ஊரே அதற்காகத்தான் காத்திருந்தது. மருதப்பன் வாயைத் திறந்தார். முன்வரிசையில், இரண்டு நாளில் இளைத்துப்போன முகம் அவரைப் பார்த்துக்கொண்டிருந்தது. சிரிப்பு வரவில்லை. கிரீடத்தைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு, திரை விழும்வரை அப்படியே நின்றார்.

"பாவம், மனுசனுக்குத் தொண்டை போயிடுச்சு" என்று கூட்டத்தில் பேசிக்கொண்டார்கள்.

மிளகு வெந்நீரில் அது எப்போதோ சரியாகிவிட்டது என்பது பாக்கியத்துக்குத் தெரியும்.