கூழின் பதம்

பெரிய வீட்டுக்காரர்களுக்கு நோய் வந்தாலும் கௌரவமான நோயாக வர வேண்டும். ராக்கப்பனுக்கு அப்படி வரவில்லை. சாத்தூர்ப் பக்கம் நாற்பது ஏக்கர் கரிசலும் இரண்டு கிணறும் வைத்திருந்த மனுசன், பக்கவாதத்துக்குப் பிறகு ஒரு மடக்குத் தண்ணீரை விழுங்க முடியாமல் கிடந்தார்.

விழுங்கப் பயிற்சி கொடுப்பது என் வேலை. சொன்னதும் அவர் மகன் ஜெயபாண்டி சிரித்தான். "திங்கிறதுக்குமா டீச்சரு?" தாயில்பட்டி வெடி ஆபீசில் பட்டாசுக்குத் திரி வெட்டுகிற சங்கையாவின் மகள் நான்; அந்த எழிலா என் அப்பனுக்குத் தின்னக் கற்றுக்கொடுப்பது என்பதும் அந்தச் சிரிப்பில் இருந்தது.

முதல் நாள் அவர் தொண்டையில் விரலை வைத்துக்கொண்டு ஒரு தேக்கரண்டி தண்ணீர் கொடுத்தேன். குரல்வளை தாமதமாக ஏறியது. "ஆ" சொல்லச் சொன்னேன். குரல் கொளகொளவென்று வந்தது, அதன் பிறகுதான் இருமல். தண்ணீர் நுரையீரலுக்குப் போகிறது. கெட்டியான கஞ்சி ஒரு கரண்டி கொடுத்தபோது குரல் தெளிவாக இருந்தது. மதுரையில் விழுங்கவைத்து எடுத்த எக்ஸ்ரேயும் அதையேதான் காட்டியது.

"தண்ணி, பாலு, இளநி எதுவும் ஆகாதும்மா. கேப்பக்கூழு காய்ச்சுங்க. கரண்டியச் சாச்சா ஒழுகக் கூடாது, அந்தப் பதம்" என்றேன்.

அவர் மனைவி ராமுத்தாயின் முகம் சுருங்கியது. "கூழா? அது எங்க காட்டுக்குக் களையெடுக்க வாறவுகளுக்கு ஊத்துறது தாயி."

கதவைச் சாத்திக்கொண்டுதான் கூழ் கொடுத்தார்கள். யாராவது நலம் விசாரிக்க வந்தால் சட்டியை ஒளித்துவிட்டு, கட்டிலுக்குப் பக்கத்தில் வெள்ளி டம்ளரில் பாலை வைப்பார்கள். நுரையீரல் நாறினாலும் பரவாயில்லை, பேர் நாறக் கூடாது. எனக்கு அந்த வீட்டு வாசலை மிதிக்கவே அருவருப்பாக இருக்கும்.

கிழவர் மட்டும் தேறினார். ஆயுசில் ஒருத்தர் பேச்சையும் கேட்காதவர் என் பேச்சைக் கேட்டார். "தாடைய நெஞ்சுல ஒட்டி முழுங்குங்க. தண்ணியா யாரு எதக் கொண்டாந்தாலும் வாயத் தொறக்காதீக." தலையை ஆட்டுவார். ஆறாவது வாரம் பன்னிரண்டு கரண்டி கூழ் இறங்கியது. கடைசிக் கரண்டிக்கு அவராகவே வாயைத் திறந்தார். எனக்கு அன்று சந்தோஷமாக இருந்தது, மறைப்பானேன்.

அடுத்த செவ்வாய்க்கிழமை போனபோது வாசல் நிறையச் செருப்பு. இரண்டு நாள் காய்ச்சலில் அசந்து கிடந்திருக்கிறார். சாதாரணக் காய்ச்சல். ஆஸ்பத்திரிக்குத் தூக்காமல் சொந்தக்காரர்களைக் கூட்டிவிட்டார்கள். பட்டுச்சேலையும் சலவை வேட்டியுமாக வரிசையில் நின்று, ஆளுக்கொரு சங்கு கடைசிப் பால் ஊற்றிக்கொண்டிருந்தார்கள். கிழவர் தாடையை நெஞ்சோடு ஒட்டி, உதட்டை இறுக்கி வைத்திருந்தார். பால் கழுத்து வழியே வழிந்து தலையணையை நனைத்தது. நான் சொல்லிக்கொடுத்தது அத்தனையும் அப்படியே செய்தார்.

"பாலு எறங்கலய்யா. மண்ணாச விடல" என்றார் மீசை வைத்த ஒரு பெரிய மனுசன். "கெணத்தடி மண்ணக் கரைச்சு ஊத்துங்க. நிம்மதியாப் போவாக."

கூரை ஏறிக் கோழி பிடிக்க மாட்டாதவன் வானம் ஏறி வைகுண்டம் காட்டினானாம். ஒரு கரண்டி கூழைக் கதவு திறந்து கொடுக்கத் துப்பில்லாத கூட்டம், சொர்க்கத்துக்கு வழி சொன்னது.

"சாகலய்யா அவரு! நாஞ் சொல்லித்தான் வாய மூடிருக்காரு. ஊத்துனீகன்னா செத்துருவாரு!" என்று கத்தினேன்.

ஜெயபாண்டி என்னை ஏற இறங்கப் பார்த்தான். "இது எங்க மொற. ஒன் பாடத்த ஆஸ்பத்திரியில வச்சுக்க."

இரண்டு பேர் என் கையைப் பிடித்து நிறுத்தினார்கள். ஜெயபாண்டி அப்பனின் தாடையை நிமிர்த்தி, கன்னத்தை அமுக்கி, கரண்டிக் காம்பால் பல்லை நெம்பினான். கிணற்றடிக் கரிசலைக் கரைத்த தண்ணீர் உள்ளே போனது. கிழவரின் கண் என்னைத் தேடியது. நான் பார்வையைத் திருப்பிக்கொள்ளவில்லை. அவர் தொண்டையில் அந்தக் கொளகொளச் சத்தம் கேட்டது. இருமக்கூட அவருக்குத் தெம்பில்லை.

"எறங்கிருச்சு பாத்தீகளா!" என்றார் மீசைக்காரர். கூட்டம் கையெடுத்துக் கும்பிட்டது.

மறுநாள் போய்விட்டார். மண் கிடைத்ததும் நிம்மதியாகப் போனார் என்று ஊரே மெச்சியது.

பதினாறாம் நாள் காலையில் ராமுத்தாய் போன் செய்தாள்.

"படையலுக்குக் கூழு வைக்கணும் தாயி. ஊரு என்ன வேணா சொல்லிட்டுப் போகட்டும். அவுக கடைசியா ஆசையா வாயத் தொறந்தது அதுக்குத்தான். எந்தப் பதத்துல காய்ச்சணும்?"

"எந்தப் பதத்துல வேணா காய்ச்சுங்கம்மா" என்றேன். "இனிமே அவருக்கு எல்லாம் எறங்கும்."