முசஃபாவில் காய்ச்சிய பீர்

அபுதாபி முசஃபாவில் உமாபதி காய்ச்சிய பீரின் மூடியைத் திறந்தால், அது அடுப்பில் இருந்தபோது பக்கத்தில் நின்றவர்கள் சொல்ல வந்து விழுங்கிய பேச்சு வெளியே கேட்கும். 2003 வெயில் காலத்தில் இது தெரியவந்தது. முதல் பாட்டிலைத் திறந்ததும், நுரைக்கு முன்னால் அறைத்தோழன் அனந்தகிருஷ்ணனின் குரல் வந்து, உமாபதி வைக்கிற சாம்பாரை மனுஷன் வாயில் வைக்க முடியாது என்று சொல்லி அடங்கியது. அனந்தகிருஷ்ணனோ எதிரிலேயே வாயை மூடிக்கொண்டு உட்கார்ந்திருந்தான். பீரும் புளித்துத்தான் போயிருந்தது. கூச்சத்தோடு இருவரும் குடித்து முடித்தார்கள். மறுநாளிலிருந்து சாம்பார் அனந்தகிருஷ்ணன் பொறுப்பானது.

உமாபதி முதுகுளத்தூர்ப் பக்கத்துக்காரன், வெல்டர். பார்லியை ஊறவைத்து, ஈரச்சாக்கில் முளைகட்டி, மொட்டைமாடி வெயிலில் காயவைத்து, மிக்ஸியில் ஒன்றிரண்டாக உடைத்துக் காய்ச்சினான். பார்லியும் ரொட்டி ஈஸ்ட்டும் விற்ற கீழக்கரை கௌஸ் முகைதீன் குடிக்கிறவரும் இல்லை, துருவித் துருவிக் கேட்கிறவரும் இல்லை. பார்லி சூட்டுக்கு நல்லது என்று மட்டும் சொல்லிப் பொட்டலத்தை நீட்டுவார். தொழிலாளர் குடியிருப்பைக் கவனிக்கும் கேம்ப் பாஸிடமும் உமாபதி அதையே சொல்லி வைத்திருந்தான்.

அவன் இதை விடாமல் பிடித்துக்கொண்டதற்குக் காரணம் குடி அல்ல, ஜோதிமணி. வெள்ளிக்கிழமைதோறும் ஊருக்குப் போன் போடுவான். எல்லாரும் நல்லா இருக்கோம் என்பாள் மனைவி. அதற்குப் பிறகு ஏதோ சொல்ல வந்து நிறுத்துவாள். அந்த நிறுத்தத்தில் என்ன இருக்கிறது என்று தெரியாமல் அவனுக்கு வாரம் முழுவதும் சோறு இறங்காது. அதனால் ஸ்பீக்கரைப் போட்டுப் போனைப் பாத்திரத்துக்குப் பக்கத்தில் வைத்துப் பேசத் தொடங்கினான். பாட்டிலைத் திறந்தால் முணுமுணுப்பு மட்டும் வந்தது.

பக்குவம் போதவில்லை என்று நினைத்தான். கொதிக்கவிடாமல், விரல் பொறுக்காத சூட்டிலேயே நெடுநேரம் வைக்கப் பழகினான். பழைய வேட்டியில் வடிகட்டினான். கசப்புக்கு வெந்தயம் சேர்த்தான். ஏசிக் காற்றில் நன்றாக ஆறவிட்டுத்தான் ஈஸ்ட் போட்டான். இப்படியே வருஷங்கள் ஓடின. பீர் தேன் நிறத்துக்கு வந்தது. பக்கத்து அறைகளில் இருந்தவர்கள் தங்கள் மனக்குறைகளோடு வந்து அடுப்பருகே சும்மா நின்றுவிட்டுப் போனார்கள். வறுத்த மீன், நனைந்த சாக்கின் வாசனை, யாரோ ஒருவன் விழுங்கிய காதலைக் கேட்டு எழுகிற சிரிப்பு என்று போன அந்த வெள்ளிக்கிழமைகள் இனி எந்தச் சம்பளத்துக்கும் கிடைக்காது. ஜோதிமணியின் குரல் மட்டும் தெளியவே இல்லை.

குறை எங்கே என்று கண்டவன் அனந்தகிருஷ்ணன். காலிங் கார்டில் பேசிப் பழகிய வளைகுடாக்காரன் எவனும் போனில் பேசுவதில்லை, கத்துவான். நிமிஷம் தீர்வதற்குள் பள்ளிக்கூடம், மழை, மாடு எல்லாவற்றையும் தானே கேட்டுத் தானே பதிலும் சொல்லிவிடுவான். உமாபதி அதில் ஒருபடி மேல்.

"அண்ணே, பீர்ல ஒரு குத்தமும் இல்ல. நீங்க கொஞ்சம் பேசாம இருங்க, மதினி பேசட்டும்."

அந்த வெள்ளிக்கிழமை கார்டு தீரும்வரை உமாபதி வெறும் ம் கொட்டினான். ஜோதிமணி நல்லா இருக்கோம் என்றாள், மழை இல்லை என்றாள், பிறகு அவளும் சும்மா இருந்தாள். பாத்திரம் அடுப்பில் அதே சூட்டில் இருந்தது. பீர் தெளிந்த பிறகு பாட்டிலைத் திறந்தபோது, பக்கத்தில் உட்கார்ந்து பேசுவதுபோல் அவள் குரல் வந்தது.

"நீங்க திரும்பி வந்தா எங்குட்டு உக்காருவீகன்னு தெரியல. வீடு முழுக்க நாங்களே உக்காந்து பழகிட்டோம்."

அவன் காய்ச்சியதிலேயே அதுதான் நல்ல பீர். அழுதுகொண்டே குடித்தான். அனந்தகிருஷ்ணன் ஏசியைப் பார்த்தபடி இருந்தான்.

2008-இல் உமாபதி விசாவை கேன்சல் செய்துகொண்டு ஊருக்குப் போனான். அடுப்பு அனந்தகிருஷ்ணன் கைக்கு வந்தது. புதிதாக அறைக்கு வருகிறவர்களிடம், திறந்ததும் வாய் வைக்காதே, முதலில் கேட்டுக்கொள் என்று சொல்லிவைப்பார்கள். அதற்குமேல் யாரும் அதைப் பெரிதாக நினைக்கவில்லை.

ஊரில், பெட்டியைக்கூட இறக்காமல் உமாபதி வாசல்நடையிலேயே நின்றான். ஜோதிமணி தண்ணீரோடு வந்தாள்.

"நான் எங்குட்டு உக்கார?" என்று கேட்டான்.

உங்களுக்கெப்படித் தெரியும் என்று அவள் கேட்கவில்லை. நாற்காலியில் மடித்து வைத்திருந்த துணிகளை அள்ளி மடியில் வைத்துக்கொண்டு, அதன் பக்கத்தில் தரையில் உட்கார்ந்தாள்.