காளையின் மேனேஜர்

ஆல்பின் முதன்முதலாக ஒரு மனிதனை அடித்தது, வேலைக்குச் சேர்ந்த இரண்டாவது வாரத்தில்.

பரவை மார்க்கெட்டில் காளை என்பவருடைய காய்கறிக் கமிஷன் கடையில் அவன் மேனேஜர். அப்படித்தான் விசிட்டிங் கார்டில் அச்சடித்துக் கொடுத்திருந்தார்கள். பெயருக்குப் பக்கத்தில் எம்.பி.ஏ. என்ற எழுத்துகள் பெயரைவிடப் பெரிதாக இருந்தன. ஆனையூரில் அவன் வீட்டில் அந்தக் கார்டை மாதா படத்துக்குக் கீழே வைத்து அம்மா பிலோமினாள் ஜெபம் செய்தாள். மிஷன் பள்ளிக்கூடத்தில் கிளார்க்காக இருந்து ஓய்வுபெற்ற அப்பா ஞானமுத்து, கோயிலுக்கு வந்தவர்களிடமெல்லாம் "பையன் மேனேஜர் ஆயிட்டான்" என்று சொல்லிவிட்டு, எந்தக் கம்பெனி என்று கேட்பதற்குள் நகர்ந்துவிடுவார்.

அதற்கு முன் இரண்டு வருடம் ஆல்பின் அலைந்த அலைச்சல் அந்தத் தெருவுக்கே தெரியும். ஒரு கம்பெனியில் முன் அனுபவம் கேட்டார்கள். இன்னொன்றில் மேனேஜ்மென்ட் டிரெய்னி என்று எடுத்து, வீடு வீடாகத் தண்ணீர் சுத்தம் செய்யும் மெஷின் விற்க அனுப்பினார்கள். கோயம்புத்தூரில் ஒருவர் அவனுடைய சான்றிதழைத் திறந்துகூடப் பார்க்காமல், "சொந்தமா பைக் வச்சிருக்கியா?" என்று மட்டும் கேட்டார். கடைசியில் தூரத்துச் சொந்தக்காரர் ஒருவர் சொல்லித்தான் காளையிடம் வந்து சேர்ந்தான்.

அன்று காலை மார்க்கெட் நிரம்பி வழிந்துகொண்டிருந்தது. கடை வாசலில் லாரி நிறுத்துவதில் எதிர்க்கடைக்காரர்களோடு பழைய தகராறு. எட்டுப் பத்துப் பேர் இரும்புக் குழாயோடு வந்தார்கள். மூட்டை இறக்கிக்கொண்டிருந்த பாண்டிராஜின் மண்டையில் முதல் அடி விழுந்தது. அவன் தக்காளிப் பெட்டிகள்மேல் சரிந்தான். தராசு உடைந்தது. ஆல்பின் மேஜைக்கு அடியில் பதுங்கினான். ஒருவன் அவன் சட்டைக் காலரைப் பிடித்து வெளியே இழுத்தான்.

"நீதான் புது மேனேஜரா?"

கேட்டுக்கொண்டே கன்னத்தில் அறைந்தான். மறுபடி அறைந்தான். வாயெல்லாம் உப்புக் கரித்தது. கீழே விழுந்த ஆல்பினின் கைக்கு, மூட்டை தூக்குகிறவர்கள் வைத்திருக்கும் கொக்கி தட்டுப்பட்டது. யோசிக்கவில்லை. எடுத்து ஓங்கி இறக்கினான். கொக்கி அந்த ஆளின் தோளுக்குள் போய்ச் சதையில் மாட்டிக்கொண்டது. அவன் அலறியபடி பின்வாங்க, கொக்கியை விடாத ஆல்பினும் கூடவே இழுபட்டான். பிடுங்கியபோது ரத்தம் முகத்தில் அடித்தது. வந்தவர்கள் அதைப் பார்த்ததும் கலைந்து ஓடினார்கள்.

போலீஸ் வந்தபோது, முகத்தைக் கழுவிச் சட்டையை மாற்றிக்கொண்டு ஆல்பின்தான் பேசினான். பாதி ஆங்கிலத்தில், நிதானமாக, யார் முதலில் வந்தார்கள், யாருக்கு எங்கே அடி, தற்காப்புக்கு என்ன நடந்தது என்று வரிசையாகச் சொன்னான். வந்த அதிகாரி அவனை உட்காரச் சொல்லிக் கேட்டார். காளை சுவரில் சாய்ந்து பார்த்துக்கொண்டிருந்தார்.

"அடிக்கிறவன் எங்கிட்ட நெறைய இருக்கான் தம்பி," என்றார் பிறகு. "பேசுறவனுக்கும் பஞ்சமில்ல. ரெண்டும் ஒரே ஆளுகிட்ட இருந்து இப்பத்தான் பாக்குறேன். படிப்புன்னா சும்மா இல்ல."

வீட்டுக்குப் போனதும் குளியலறையில் வெகுநேரம் கையைத் தேய்த்துத் தேய்த்துக் கழுவினான். ஆனால் மறுநாள் கடைக்குள் நுழைந்தபோது மூட்டைக்காரர்கள் விலகி வழிவிட்டார்கள். தலையில் கட்டோடு வந்த பாண்டிராஜ், "வாங்கண்ணே" என்று எழுந்து நின்றான். ஆல்பினைவிட அவன் பத்து வயது மூத்தவன். இரண்டு வருடமாக எந்த நாற்காலிக்கு எதிரில் உட்கார்ந்தும் கிடைக்காத ஒன்று அந்த ஒரு வார்த்தையில் கிடைத்தது. ஆல்பினுக்கு அது பிடித்திருந்தது. பிடித்திருக்கிறதே என்பதுதான் பயமாகவும் இருந்தது.

அதன்பிறகு அடிதடி அவன் வேலையில் ஒரு பகுதியாகிவிட்டது. சரக்கை வேறு கடைக்குத் திருப்பிய லாரி டிரைவரின் கையைக் கருப்பு என்ற ஆள் லாரிக் கதவில் வைத்து நசுக்கியபோது ஆல்பின் பக்கத்தில் நின்றான். கருப்பு காளையிடம் ரொம்ப நாளாக இருப்பவன். அதிகம் பேசமாட்டான். டிரைவரின் விரல் எலும்பு முறிந்த சத்தம் கேட்டு ஆல்பின் முகத்தைத் திருப்பிக்கொண்டான். திருப்பிக்கொண்டாலும் அங்கிருந்து போகவில்லை.

ஒருநாள் காளை அவனைத் தன் அறைக்குக் கூப்பிட்டார்.

"ராஜகுருன்னு ஒரு பையன். ஹோட்டலுக்கெல்லாம் நேரா காய் போடுறானாம். தெரியுமா?"

"தெரியும்ணே. கூடப் படிச்சவன். அது காலேஜ்ல நாங்க ரெண்டு பேரும் சேந்து போட்ட திட்டம்தான்."

"அப்படியா?" காளை நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்தார். "நல்லதாப் போச்சு. நீயே போ."

ராஜகுரு நெசவுக் குடும்பத்துப் பையன். வீட்டில் சௌராஷ்டிரம், வெளியே மதுரைத் தமிழ். கல்லூரியில் இருவரும் ஒரே பெஞ்சு. விவசாயியிடம் நேரடியாக வாங்கி ஹோட்டலுக்குக் கொண்டுபோய்ச் சேர்க்கும் யோசனையே கடைசி வருடம் இருவரும் சேர்ந்து செய்த பிராஜக்ட்தான். படிப்பு முடிந்ததும் ராஜகுரு, "வா மாப்ள, எழுதுனத செஞ்சு பாப்போம்" என்று கூப்பிட்டான். "எங்க வீட்ல வேலைக்குப் போகணும்பாங்கடா" என்று ஆல்பின் மறுத்துவிட்டான். ராஜகுரு தனியாக ஒரு பழைய வேன் வாங்கினான். அவன் மனைவி ஹம்சவேணி அதை ஓட்டப் பழகிக்கொண்டாள். கல்யாணத்தில் ஆல்பின்தான் மாப்பிள்ளைத் தோழன்போல் பக்கத்தில் நின்றான்.

"பேசிப் பாக்குறேண்ணே," என்றான் காளையிடம்.

"பேசு. கேக்கலேன்னா கருப்பு பேசுவான்."

கீழக்குயில்குடிக்கு அந்தப் பக்கம், சமணர் மலை பின்னால் தெரிகிற கத்தரித் தோட்டத்தில் ராஜகுருவின் வேன் நின்றது. காலை வெயில் ஏறிக்கொண்டிருந்தது. கருப்பும் இன்னும் இரண்டு பேரும் ஜீப்பிலேயே இருக்க, ஆல்பின் மட்டும் இறங்கி நடந்தான். ராஜகுரு அவனைப் பார்த்ததும் சிரித்தான். பின்னால் நின்ற ஜீப்பைப் பார்த்ததும் அந்தச் சிரிப்பு நின்றுவிட்டது.

"என்னடா இது?"

"மாப்ள, கொஞ்ச நாளைக்கு இந்த ஹோட்டல் சப்ளையை நிறுத்திக்கடா. வேற ஊர்ல பண்ணு. நானே இடம் பாத்துத் தாரேன்."

"யார் சொல்லச் சொன்னா? காளையா?"

"நான் சொல்றேன்னு வச்சுக்க."

"நீ சொல்லமாட்ட. நீயும் நானும் ராத்திரியெல்லாம் ஒக்காந்து எழுதுனதுடா இது." ராஜகுரு கூடையைக் கீழே வைத்தான். "இதுக்காடா எம்.பி.ஏ. படிச்ச? அடியாள் வேலைக்கா?"

ஜீப் கதவு திறக்கும் சத்தம் கேட்டது. கருப்பு இறங்கினான். இரும்புக் குழாயைத் தோளில் போட்டுக்கொண்டு வந்தான். கூட வந்தவர்கள் வேனின் கண்ணாடியை உடைக்கத் தொடங்கினார்கள். டிரைவர் சீட்டில் இருந்த ஹம்சவேணி கண்ணாடித் தூளோடு கீழே குதித்து, தங்கள் வீட்டு மொழியில் கத்திக்கொண்டே எடைக்கல்லைத் தூக்கி எறிந்தாள். அது ஒருவனின் நெற்றியைக் கிழித்தது. அவன் அவள் முடியைப் பிடித்துத் தலையை வேனில் மோதினான். தோட்டத்தில் காய் பறித்துக்கொண்டிருந்த சோலையம்மாள் ஊர்ப்பக்கம் கூப்பாடு போட்டபடி ஓடினாள்.

ராஜகுரு மனைவியை நோக்கிப் பாய்ந்தான். கருப்பு காலை நீட்டி அவனை விழவைத்தான். விழுந்தவனின் தலைக்கு நேராகக் குழாயைத் தூக்கினான். கருப்பு எங்கே அடிப்பான், எப்படி அடிப்பான் என்று ஆல்பினுக்குத் தெரியும். அந்த அடிக்குப் பிறகு ராஜகுரு எழுந்திருக்கமாட்டான்.

"நான் பாத்துக்கிறேன். குடு," என்று ஆல்பின் குழாயைப் பிடித்தான்.

கருப்பு அவன் முகத்தைப் பார்த்துவிட்டு விட்டுக்கொடுத்தான்.

குழாயை வாங்கியதும் அதைத் தூர எறிந்திருக்கலாம். கருப்பையே அடித்திருக்கலாம். ஆல்பின் அந்த நொடியில் கணக்குப் போட்டான். இவர்கள் மூன்று பேர். எறிந்தால் இருவருமே சாவோம். கை ஒன்று போனால் உயிர் மிஞ்சும். அப்படி நினைத்துக்கொண்டுதான் ராஜகுருவின் இடது கையில் ஓங்கி அடித்தான். எலும்பு முறிந்தது அவன் உள்ளங்கை வரை தெரிந்தது. ராஜகுரு கத்தவில்லை. கண்ணை மூடாமல் அவனையே பார்த்தான். கருப்பு, "இன்னொண்ணு" என்றான். ஆல்பின் இன்னொன்றும் அடித்தான்.

ஊர்க்காரர்கள் கம்பும் அரிவாளுமாகத் தோட்டத்துக்குள் இறங்கியபோது ஜீப் கிளம்பிவிட்டது. ஆல்பின் ஏறுவதற்குக் காத்திருக்கவில்லை. குழாயோடு அவன் மட்டும் நின்றான். கல் வந்து முதுகில் விழுந்தது. கம்பு முழங்காலை உடைத்தது. கத்தரிச் செடிகளுக்கு நடுவில் போட்டு மிதித்தார்கள். வாயில் மண் நிறைந்தது. முன்பல் இரண்டு போயின. ஒருவன் அரிவாளை ஓங்கியபோது, "வேண்டாம், கொல்லாதீக" என்று ஒரு பெண் குரல் கேட்டது. நெற்றியில் ரத்தம் வழிய ஹம்சவேணி நின்றுகொண்டிருந்தாள். "அவன் உசுரோட இருந்து சொல்லட்டும், யார் அனுப்புனான்னு."

பெரிய ஆஸ்பத்திரியில் போலீஸ் காவலில் கிடந்தபோதுதான் ஆல்பினுக்கு விஷயம் தெரிந்தது. காளை ஏற்கெனவே வாக்குமூலம் கொடுத்திருந்தார். பையன் நல்ல படிப்பாளி, தன் கடையில் கணக்கு வேலை பார்த்தவன், அடிதடி எதுவும் தனக்குத் தெரியாது. ராஜகுருவும் அவனும் கல்லூரியில் சேர்ந்து போட்ட தொழில் திட்டமாம், அதில் ஒருவன் மட்டும் முன்னுக்கு வந்துவிட்டானாம், அந்தப் பொறாமையாம். கருப்பு அன்று ஊரிலேயே இல்லையாம்.

கேட்கக் கேட்க ஆல்பினுக்கு உடம்பு வலி மறந்துபோனது. 'நல்லதாப் போச்சு' என்று காளை சொன்னதன் அர்த்தம் அப்போதுதான் விளங்கியது. அவன் தேவைப்பட்டது அடிப்பதற்கு இல்லை. அடித்தவன் எம்.பி.ஏ., அடிபட்டவனும் எம்.பி.ஏ., இரண்டு பேரும் ஒரே வகுப்பு என்றால் காளையின் பெயர் அதில் வரவே வராது.

ஞானமுத்து பார்க்க வந்தார். கட்டிலுக்குப் பக்கத்தில் நின்று மகனின் வீங்கிய முகத்தைப் பார்த்தார்.

"காளை ஆளு அனுப்பிச்சாரு," என்றார். "அவர் பேரைச் சொல்லாம இருந்தா வக்கீல் வச்சு வெளிய எடுத்துருவாராம். அப்புறம் கடையிலேயே வேலையாம்."

"நீங்க என்னப்பா சொல்றீங்க?"

அப்பா போர்வையை மகனின் காலுக்கு மேல் இழுத்துவிட்டார். "ராஜகுரு நம்ம வீட்ல சாப்புட்ட பையன்," என்றார். பிறகு கிளம்பிப் போய்விட்டார்.

மாஜிஸ்திரேட் முன்னால் சக்கர நாற்காலியில் கொண்டுபோய் நிறுத்தியபோது ஆல்பின் எல்லாவற்றையும் சொன்னான். மார்க்கெட்டில் கொக்கியால் குத்தியதை, டிரைவரின் விரலை, காளையின் அறையில் நடந்த பேச்சை, கருப்பின் குழாயை. "அவரு அனுப்பினாரு. அடிச்சது நான்தான். ரெண்டு அடியும் நான்தான்," என்றான். பல் இல்லாத வாயில் சொற்கள் குழறின. மாஜிஸ்திரேட் இரண்டு தரம் திருப்பிக் கேட்டு எழுதிக்கொண்டார்.

அந்த வாரமே காளையும் கருப்பும் கைதானார்கள். காளை சீக்கிரமே ஜாமீனில் வெளியே வந்தார். கடை ஒருநாள்கூட மூடவில்லை. ஆனால் வழக்கில் அவர் பெயர் முதலில் இருந்தது. கை நசுங்கிய லாரி டிரைவரும் பாண்டிராஜும் தைரியம் வந்து சாட்சி சொல்ல முன்வந்தார்கள். ஆல்பினுக்கு ஜாமீன் கிடைக்கவில்லை. ஆனையூர் வீட்டு வாசலில் யாரோ கல் எறிந்துவிட்டுப் போனதால் அப்பாவும் அம்மாவும் பாளையங்கோட்டையில் சித்தி வீட்டுக்குப் போய்விட்டார்கள்.

அடுத்த வாய்தாவின்போது கோர்ட் வராந்தாவில் ராஜகுருவைப் பார்த்தான். இடது கையில் கம்பி வைத்துத் தைத்திருந்தார்கள். விரல்கள் மடங்கவில்லை. ஹம்சவேணி அவன் பக்கத்தில் வேன் சாவியோடு நின்றாள். தோட்டத்திலிருந்து நேராக வந்திருப்பார்கள் போலிருந்தது. சேலை ஓரத்தில் செம்மண்.

"மாப்ள," என்றான் ஆல்பின். "கருப்பு அடிச்சிருந்தா நீ..."

"தெரியும்," என்றான் ராஜகுரு. "கருப்பு அடிச்சிருந்தா செத்திருப்பேன். படுத்துக் கெடக்கும்போது அதத்தான் நெனச்சுக்கிட்டே இருந்தேன். நீ காளை பேரச் சொன்னதும் பெரிய விஷயம்தான். உனக்கு நன்றி சொல்லணும்னு இவ சொல்லித்தான் கூட்டிட்டு வந்தா."

ஆல்பின் தலையைக் குனிந்துகொண்டான்.

"வாய் வரமாட்டேங்குதுடா," என்றான் ராஜகுரு. "மொத அடிய வேணா நீ சொல்ற கணக்குல வைக்கலாம். ரெண்டாவத எதுல வைக்கிறது?"

பதிலுக்கு அவன் நிற்கவில்லை. ஹம்சவேணி அவனுடைய நல்ல கையைப் பிடித்துப் படியிறங்கினாள். காவலர் ஆல்பினின் நாற்காலியைத் திருப்பி உள்ளே தள்ளிக்கொண்டு போனார்.