கல்வெட்டுத் தம்புவின் கோப்புகள்

கூடத்தில் அப்பாவின் பிரேதம் கிடக்க, அறைக்குள் சசிகரன் அவருடைய கணினியில் கறுப்புத் திரையைத் திறந்து கட்டளை அடித்துக்கொண்டிருந்தான். ரொறன்ரோவிலிருந்து நேற்றுத்தான் வந்தவன். கொண்டுவந்த பெட்டியைக்கூட இன்னும் திறக்கவில்லை.

"முப்பத்தொண்டாம் நாள் வரைக்கும் நிக்க ஏலாது அக்கா, லீவில்லை. கல்வெட்டை இண்டைக்கே முடிச்சுக் குடுத்திட்டுப் போறன். அப்பான்ர கோப்பு எல்லாத்தையும் இண்டெக்ஸ் பண்ணி விட்டிருக்கு. எந்தச் சொல்லை அடிச்சாலும் அது எந்தக் கோப்பில கிடக்கெண்டு காட்டும்."

"பெரிய வித்தைதான்" என்றாள் சிவரூபி. தாயைச் சுடலைக்கு அனுப்பிய நாளில் கைபேசியில் மட்டும் முகம் காட்டிய பிள்ளை இவன்.

தேடி எடுக்க அங்கே என்ன பெரிய காவியமா கிடக்கிறது! சரவணையிலிருந்து அனலைதீவு வரை யார் செத்தாலும், முப்பத்தோராம் நாளில் கொடுக்கும் நினைவுப் புத்தகமான கல்வெட்டுக்குப் பாட்டு எழுதியவர் அவர்களின் அப்பா தம்பு. ஊர்க் கள்ளனும் அவர் கையில் கர்ணன் ஆவான். பெயரை மாற்றுவாரே தவிரப் பாட்டை மாற்றமாட்டார். அப்பேர்ப்பட்டவர் சொந்த மனைவி அம்பிகை செத்தபோது "எனக்கு ஏலாது" என்று கையை விரித்துவிட்டார். முப்பத்தோராம் நாள் அந்தியேட்டிச் சடங்குக்கு வந்த சனம் வெறுங்கையோடு போனது. அன்றிலிருந்து சிவரூபி அவருக்குச் சோறு போட்டாள், முகம் பார்த்துப் பேசவில்லை. அம்மாவுக்காக ஒரு வரியாவது எழுதினாரா என்று, பிரேதம் எடுப்பதற்குள் அவளுக்குத் தெரிந்தாக வேண்டும்.

"அம்பிகை எண்டு அடிச்சுப் பார்."

அடித்தான். ஒன்றும் வரவில்லை.

"எழுதேல்லை அக்கா. அவர் அப்பிடித்தான், விடுங்கோ."

 அப்போதுதான் அவளுக்குப் பொறி தட்டியது.

"மடையா, அவர் அடிச்சது பாமினியில."

வேலணையில் தட்டச்சுக் கடையொன்றில் அந்தப் பழைய எழுத்துருவோடு மாரடித்தவள் அவள். பாமினியில் பார்வைக்குத்தான் தமிழ். கோப்புக்குள் கிடப்பது ஆங்கில எழுத்து. கனடாப் படிப்புக்கு இது எங்கே தெரியப்போகிறது! விசைப்பலகையை இழுத்து mk;gpif என்று அடித்தாள்.

இரண்டு கோப்புகள் வந்தன. ஒன்று அம்மாவினுடையது, அவள் செத்த கிழமை சேமித்தது. 'இடக்கால் இழுத்துவரும் ஓசை குசினிக்குள் கேட்கும் இன்றும்' என்று அதில் ஒரு வரி. அடுப்படியில் அம்மா அப்படித்தான் நடப்பாள். மற்றது அனலைதீவுச் சின்னாச்சியின் கல்வெட்டு. அம்மாவின் பாட்டே அப்படியே இருந்தது, ஓரிடத்தில் பெயரை மாற்ற மறந்துவிட்டார். சின்னாச்சிக்கு இரண்டு காலும் நன்றாகத்தான் இருந்தன.

அதேபோல் 'இடக்கால்' என்று பாமினியில் அடித்துத் தேடினாள். திரை நிரம்பி ஓடியது. அம்மாவுக்குப் பிறகு தீவுப்பகுதியில் செத்த பெண்களெல்லாம் இடக்காலை இழுத்துக்கொண்டே கயிலாயம் போயிருந்தார்கள்.

"சீ! பெண்சாதியின்ர பாட்டையே ஊருக்கு வித்திருக்கிறார்" என்றான் சசிகரன்.

அற்ப மனிதன் என்றுதான் அவளும் நினைத்தாள். ஆனாலும் அந்தக் கால் வரியை இன்னொரு தரம் வாசித்தாள்.

வெளியே பறை தொடங்கியது. அப்பாவின் கல்வெட்டுக்காக அவள் அம்மாவின் கோப்பைப் பிரதியெடுத்து, அம்பிகை என்றிருந்த இடமெல்லாம் தம்பு என்று மாற்றினாள்.

"அந்தக் கால் வரியை எடுங்கோ அக்கா. அப்பா நொண்டேல்லையே."

"அது கிடக்கட்டும்."

சேமித்துவிட்டுக் கூடத்துக்கு வந்தாள். அப்பாவின் கால் பெருவிரல்களைச் சேர்த்து வெள்ளைத் துணியால் கட்டியிருந்தார்கள்.